அந்தத் தாய் நடிக்கிறாரா? – கடிதம்

வணக்கம்.

2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு பற்றிய ஆவணப்படம் ஒன்று பார்த்தேன். குண்டு வைத்த சகோதரர்களின் தாய் ஸுபைதாத் சார்னயேவா, தன் பிள்ளைகள் இதைச் செய்யவே இல்லை என்கிறார். அழுகிறார், அடுத்த நொடியே கத்துகிறார். எனக்கு நடிப்பாகத்தான் பட்டது. பெற்ற வயிறு வேறெப்படிப் பேசும் என்கிறார் என் கணவர். ஒரு பெற்றோர் மனதார நம்பிப் பேசுகிறாரா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

வி., கோவை

அன்புள்ள வி.,

முகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேசுபவரைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்க முடியுமா என்று நடந்த ஏராளமான ஆய்வுகளை உளவியல் ஆய்வாளர்கள் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 2006ல் தொகுத்தார்கள். மனிதர்களின் கணிப்பு சரியாக இருந்தது சுமார் 54 சதவீதம். காசைச் சுண்டினாலே 50 வரும். ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியில் உள்ள மகச்சகலாவில் அந்தத் தாய் பத்திரிகையாளர்களைச் சந்தித்தது ஏப்ரல் 25. மூத்த மகன் தமர்லான் இறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது, இளையவன் ஜோகர் காயங்களோடு காவலில் இருந்தான். அந்த நிலையில் அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வருவதில் சந்தேகப்பட எதுவும் இல்லை.

அவர் பேசியதை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘இது இவருக்கு எப்படித் தெரியும்?’ என்று எழுதிப் பாருங்கள். அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. தன் மூத்த மகனை மூன்று முதல் ஐந்து வருடம் கண்காணித்தது என்றார். உண்மையில் நடந்தது இது: தமர்லானைப் பற்றி ரஷ்யா மார்ச் 2011ல் எச்சரித்தது, எஃப்.பி.ஐ. தமர்லானையும் பெற்றோரையும் விசாரித்தது, ஜூனில் கோப்பை மூடியது. ஆக, விசாரணைக்கு வந்தார்கள் என்பது அவர் நேரில் கண்டது, உண்மை. வருடக்கணக்கு அதன்மேல் ஏற்றிச் சொன்னது. சிந்தியது ரத்தமில்லை, பெயின்ட் என்றும் சொன்னார். அது இணையத்தில் யாரோ போட்ட வீடியோவிலிருந்து வந்தது. அந்தக் குண்டுகளில் மூன்று பேர் இறந்தார்கள், பதினேழு பேர் கைகால் இழந்தார்கள். கண்டதையும் கேட்டதையும் அவர் ஒரே குரலில், ஒரே ஆவேசத்தோடுதான் சொன்னார். குரலை மட்டும் கேட்டால் இரண்டையும் பிரிக்கவே முடியாது.

தந்தை அன்சோர் சொன்னதையும் பாருங்கள். இளைய மகன் தேவதை போன்றவன், இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவன் என்றார். ஜோகர் படித்தது மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மத் வளாகத்தில். அது மருத்துவப் படிப்பு அல்ல, அதிலும் பல பாடங்களில் தேறவில்லை. தந்தை பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தூரத்து ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் பிள்ளை சொன்னதுதானே தெரியும்? மனதார நம்பிச் சொல்லும் வார்த்தையும் தவறாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, ஒப்புக்கொண்டால் அந்தத் தாய்க்கு என்ன இழப்பு? தமர்லானை மதத்தின் பக்கம் திருப்பியதில் தாய்க்குப் பெரிய பங்கு உண்டு. மகன் செய்தான் என்று ஏற்றால், அடுத்த கேள்வி அவரை நோக்கியே வரும். அந்த அளவுக்கு அவர் பேச்சின் எடையைக் குறைத்துக்கொள்ளலாம். 2012ல் துணிக்கடையில் திருடியதாக அவர் மேல் பதிவான வழக்கைச் சொல்லி அவரைப் பொய்யர் என்று எழுதினார்களே, அதை ஒதுக்கிவிடுங்கள். துணி திருடிய குற்றச்சாட்டுக்கும் மகனுக்காக அழுவதற்கும் சம்பந்தமில்லை. அதேபோல, சித்தப்பா ருஸ்லான் ஏப்ரல் 19 அன்றே கேமரா முன் சகோதரர்களைக் கண்டித்து, பாதிக்கப்பட்டவர்களிடம் வருத்தம் தெரிவித்ததை எல்லோரும் மெச்சினோம். அவர் பேசியது மனதிலிருந்துதான். ஆனால் அந்தக் குடும்பத்தோடு வருடக்கணக்காக ஒட்டாமல் இருந்தவருக்கு அப்படிப் பேசுவது தாயைவிட எளிது.

கடைசியாக, சான்று வரவர பேச்சு மாறுகிறதா? ‘காட்டுங்கள், பார்க்கிறேன்’ என்பவர் வேறு. எதைக் காட்டினாலும் ஜோடனை என்பவர் வேறு. இரண்டாமவரின் வேதனையை மதியுங்கள், ஆனால் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2015 மார்ச் 4 அன்று ஜோகரின் வக்கீல் ஜூடி கிளார்க்கே, செய்தது அவன்தான் என்று ஜூரியிடம் சொல்லி வாதத்தைத் தொடங்கினார். முப்பது குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஜூன் 24 அன்று ஜோகரும் எழுந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டான்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. தண்டனையை முடிவு செய்யும் கட்டத்தில், மே மாதம், ரஷ்யாவிலிருந்து வந்த உறவினர்கள் சாட்சிக் கூண்டேறினார்கள். தாயின் சகோதரி ஒருவர் பேச முடியாமல் விம்மினார். அதுவரை சலனமில்லாமல் உட்கார்ந்திருந்த ஜோகர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கார்ட்டூன் படம் பார்த்து அழுத பிள்ளை அவன் என்றார்கள் அவன் அக்கா முறை உறவினர்கள். குண்டு வைக்கவில்லை என்று அவர்களில் யாரும் வாதிடவில்லை. தாங்கள் பார்த்த சிறுவனைப் பற்றி மட்டும் சொன்னார்கள்.