வளையவால் லெமூர்க் கூண்டு: தரைப்பரப்பு மட்டும் போதாது

உங்கள் பராமரிப்பிலுள்ள 5 வளையவால் லெமூர்களில் (மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த, குரங்குகளுக்கு உறவான விலங்குகள்) ஒரு பெண் மட்டும் மூலையில் ஒடுங்கிக் கிடப்பதாகவும், கூண்டின் தரையை அகலப்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். படிக்கவே மனம் கலங்கியது. அகலம் உதவும். ஆனால் இந்த இனத்தில் பெண்களே ஆதிக்கம் செலுத்துவதால், துரத்தப்படும் பெண் எங்கும் சிக்கிக்கொள்ளாமல் தப்பிச் செல்ல வழி இருப்பதுதான் முதல் தேவை. வெவ்வேறு உயரங்களில் கிளைகளையும் பலகைகளையும் சுற்றுப்பாதையாக இணைத்து, உள்ளறைக்கு இரண்டு வாயில்கள் வையுங்கள். ஒரே வாயிலாக இருந்தால் வலிய பெண் அதிலேயே அமர்ந்து மறித்துவிடக்கூடும். கைகளை விரித்து, வயிற்றை வெயிலுக்குக் காட்டி அமர்வது இவற்றின் இயல்பு என்பதால், காலை வெயில் விழும் பலகைகள் பல இருக்கட்டும். கடிகாயம் தென்பட்டால் மட்டும், இந்த மாற்றங்களுக்காகக் காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.