துப்பறியும் கதை எழுதுகிறவர்களால் மற்றவர்களின் துப்பறியும் கதைகளை ரசிக்க முடியுமா? படம், தொடர் பார்ப்பீர்களா? புத்தகம் வெளியிடுவது எப்படி இருக்கும்?

தாராளமாக ரசிக்கலாம். ஆனால் முதல் வாசிப்பில் நான் பிடிவாதமாக மக்கு வாசகனாகவே இருப்பேன். கொலையாளி யார் என்று ஊகிக்க முயல்வதில்லை. எழுதியவர் எந்தப் பக்கம் பார்க்கச் சொல்கிறாரோ அந்தப் பக்கம் பார்ப்பேன். முழுசாக ஏமாந்தால்தான் மறுவாசிப்புக்கு வேலை இருக்கும். முடிவு தெரிந்த பிறகு முதல் அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போய், துப்பை எங்கே வைத்தார் என்று பென்சிலும் கையுமாகத் தேடுவேன். என்னுடைய உண்மையான வாசிப்பு அதுதான்.

நல்ல கதையில் துப்பு கண்ணெதிரேதான் கிடக்கும். மேஜைமேல் இருந்த பொருள்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகையில் நடுவில் ஒன்றாக வந்திருக்கும். முதலில் சொன்னதும் கடைசியில் சொன்னதும் மனதில் தங்கும், நடு நழுவிவிடும். அல்லது துப்பு வந்த அடுத்த வரியிலேயே யாராவது கத்துவார்கள், கண்ணாடி உடையும், வாசகர் சத்தத்தின் பின்னால் ஓடிவிடுவார். உண்மையை ஓர் உளறுவாயன் வாயில் போட்டுவிடுவதும் உண்டு. அவன் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்தது, நடக்காத ஒன்றைத் துப்பாக்குவது. கணவன் இறந்துவிட்டான் என்று சொன்னதும் மனைவி அழுகிறாள், உட்கார்ந்துவிடுகிறாள், எல்லாம் சரி. ‘எப்படி?’ என்று மட்டும் கேட்கவில்லை. இல்லாததைக் கவனிப்பது யாருக்கும் கஷ்டம். பிறகு சுட்டிக்காட்டினால் எழுத்தாளர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்கு வரவும் முடியாது.

இந்த ஆட்டத்துக்குப் பழைய சட்டமே இருக்கிறது. 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரும் துப்பறியும் கதைகள் எழுதியவர்தான், பத்து விதிகள் போட்டார். ஒரு ரகசிய வழிக்கு மேல் கூடாது, வாசகரைத் தயார்செய்யாமல் இரட்டையர்களைக் கொண்டுவரக் கூடாது, துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது என்கிற ரகம். மீறி எழுதி ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். துப்பறிபவர் கண்டெடுத்த துப்பை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்று அதில் ஒன்று வரும். நான் அதை மட்டும் மீறமாட்டேன்.

படம், தொடர் எல்லாம் பார்ப்பேன். என்னோடு உட்கார்ந்து பார்க்கத்தான் வீட்டில் யாரும் தயாராக இல்லை, வாயைத் திறக்கக் கூடாது என்று முன்கூட்டியே உத்தரவாதம் வாங்கிவிடுகிறார்கள். திரையில் துப்பை ஒளிப்பது எழுத்தைவிடக் கடினம். ஒரு சாவியை இரண்டு விநாடி கூடுதலாகக் காட்டினாலே அது முக்கியமென்று தெரிந்துவிடும். பெயர் பெற்ற நடிகர் சின்ன வேடத்தில் வந்தால் அவர்மேல் சந்தேகம் விழுந்துவிடும். எனக்கு அந்தத் தொல்லை கிடையாது, என் பாத்திரங்கள் எல்லோருமே புதுமுகங்கள்.

அதனால்தானோ என்னவோ, திரையில் எனக்குப் பிடித்தவை கொலையாளியை முதலிலேயே காட்டிவிடுபவை. கொலம்போ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அப்படித்தான். அந்த உத்தி எழுத்திலிருந்து திரைக்குப் போனது. ஆங்கில எழுத்தாளர் ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-இல் வெளியான தொகுப்பில் குற்றம் நடப்பதை முதலில் சொல்லிவிட்டு, அது எப்படிப் பிடிபடுகிறது என்பதைப் பிறகு எழுதினார். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரிந்திருந்தால், அங்கே நடக்கும் வெட்டிப் பேச்சுகூடப் பதற வைக்கும் என்று திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கியதும் இதே தர்க்கம்தான். இருந்தாலும் நாவல் எழுதிக்கொண்டிருக்கும் மாதங்களில் குற்றத் தொடர்களைத் தொடமாட்டேன். பார்த்தால் என் அத்தியாயங்கள் எல்லாம் ‘கட்’ சொன்னதுபோல முடிய ஆரம்பிக்கின்றன, ஆட்கள் வசனம் பேச ஆரம்பிக்கிறார்கள். அந்தச் சமயத்தில் கவிதை படிப்பேன், நீதிமன்றத் தீர்ப்புகள் படிப்பேன். தீர்ப்புகளை யாரும் சிபாரிசு செய்வதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். ஒரே சம்பவத்தை நாலு சாட்சிகள் நாலு விதமாகச் சொல்லி, அதில் எதை ஏன் நம்பினார் என்று நீதிபதி காரணத்தோடு எழுதியிருப்பார். அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பதிப்பைப் பொறுத்தவரை, எனக்கு அதிகம் சண்டை வருவது பின்னட்டை வாசகத்துக்காக. விற்க வேண்டும் என்ற அவசரத்தில், நான் நூறு பக்கம் மறைத்து வைத்ததை நாலே வரியில் போட்டு உடைப்பார்கள். முதல் மூன்று அத்தியாயங்களுக்கு அப்பால் எதுவும் பின்னட்டையில் வரக் கூடாது என்று இப்போதெல்லாம் ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, உங்கள் துப்பறிபவர் பிரபலமாகிவிட்டால் அதே ஆளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். கோனன் டாயில் 1893-இல் தன் துப்பறிபவர் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிவிட்டுப் பார்த்தார், 1903-இல் உயிரோடு திரும்ப அழைத்துவர வேண்டியதாயிற்று. அதனால் முதல் புத்தகத்திலேயே துப்பறிபவருக்கு வயதையோ ஓய்வுபெறும் ஆண்டையோ அழுத்தமாகக் குறித்துவிடாதீர்கள், பின்னால் கணக்கு இடிக்கும். திரைக்கு உரிமை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கொஞ்சம் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட காலத்துக்கு அதை ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள், பல சமயம் படம் வராமலே அந்தக் காலம் முடிந்துவிடும். அது பரவாயில்லை, உரிமை உங்களிடமே திரும்பிவிடும். ஆனால் கதைக்கான உரிமையோடு பாத்திரத்துக்கான உரிமையும் சேர்ந்து போகிறதா என்று ஒப்பந்தத்தில் கட்டாயம் பாருங்கள். போகிறது என்றால் உங்கள் துப்பறிபவரை வைத்து அவர்கள் புதுக் கதை பண்ணலாம், அடுத்த புத்தகத்தின் திரை உரிமையை நீங்கள் வேறு யாருக்கும் கொடுக்க முடியாமல் போகலாம்.