இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் எப்படி ஒளிர்கிறது? குழந்தைகள் அறையில் ஒட்டினால் கெடுதலா?

பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்று கடையில் கிடைக்கும் நட்சத்திர ஸ்டிக்கர்களில் இருப்பது கதிரியக்கப் பொருள் அல்ல. தாராளமாக ஒட்டலாம். குழந்தை பிய்த்து வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயம் பழைய கைக்கடிகாரங்களிலிருந்து வந்தது. 1910, 20களில் கடிகார முள்ளில் பூசியது, ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த துத்தநாக சல்பைடு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலும் இல்லினாயிலும் அதைப் பூசும் வேலைக்கு வந்த இளம்பெண்கள், தூரிகை முனை கூராக இருக்க அதை உதட்டில் வைத்து நனைத்தார்கள். அப்படித்தான் செய்யவேண்டும் என்று வேலை கொடுத்தவர்களே பழக்கினார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் செத்துப்போனார்கள். வீட்டில் தாத்தா காலத்துக் கடிகாரம் இருந்தால், முள் இப்போது ஒளிரவில்லை என்று நம்பித் திறந்துவிடாதீர்கள். கெட்டுப்போனது ஒளி தரும் துத்தநாக சல்பைடுதான். ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும்.

சரி, எப்படி ஒளிர்கிறது? என் ஆய்வுப் படிப்பில் சில ஆண்டுகள், நல்ல ஸ்டிக்கர்களில் ஒளிரும் பொடியைத்தான் சுட்டுக்கொண்டிருந்தேன். பெயர் ஸ்ட்ரான்சியம் அலுமினேட். ஜப்பானில் கடிகாரங்களுக்கு ஒளிர்பூச்சு செய்துகொண்டிருந்த நெமோட்டோ என்ற நிறுவனம், கதிரியக்கம் இல்லாத மாற்றைத் தேடி 1993-ல் கண்டுபிடித்தது. அதற்கு முன் இருந்த, செம்பு கலந்த துத்தநாக சல்பைடு சீக்கிரமே மங்கிவிடும். மலிவான ஸ்டிக்கர்களில் இன்றும் அதுதான். ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டோ ராத்திரி முழுக்கத் தாங்கும்.

செய்முறை கேட்க எளிது. ஸ்ட்ரான்சியம் கார்பனேட், அலுமினா (அலுமினியம் ஆக்சைடு), உருகுவதற்கு உதவியாகக் கொஞ்சம் போரிக் அமிலம். நூறு ஸ்ட்ரான்சியத்துக்கு ஒரு யுரோப்பியம், இரண்டு டிஸ்புரோசியம். இரண்டும் அருமண் உலோகங்கள். அகேட் என்ற கடினக் கல்லால் ஆன உரலில் கை வலிக்க அரைத்து, மூசையில் (கடுஞ்சூடு தாங்கும் கிண்ணம்) போட்டு, 1300 டிகிரியில் சில மணி நேரம் சுடவேண்டும். மூசையைச் சுற்றிக் கரித்தூள் நிரப்புவோம், காற்று உள்ளே போகாமலிருக்க. என் முதல் மூசையின் மூடி ஓரத்தில் உடைந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. கரி எரிந்து தீர்ந்துவிட்டது. வெளிறிய மஞ்சள் கலந்த பச்சையாக வரவேண்டிய பொடி வெள்ளையாக வந்தது. புற ஊதா விளக்கில் சிவப்பாக ஒளிர்ந்தது, விளக்கை அணைத்ததும் ஒன்றுமில்லை. யுரோப்பியத்துக்கு ஓர் எலக்ட்ரான் குறைந்தால் போதும், பச்சை சிவப்பாகிவிடுகிறது. அடுத்த வாரம் மூடியை மாற்றிச் சுட்டேன். எங்கள் லேபில் மூத்தவரான ஓர் அக்கா, "லைட்ட அணை, பாப்போம்" என்றார். அணைத்தேன். மூசைக்குள் பச்சை நிலா. அன்று இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

நடப்பது இதுதான். வெளிச்சம் படும்போது யுரோப்பியத்திலிருந்து எலக்ட்ரான் கிளம்பி, படிகத்துக்குள் இருக்கும் ஒரு குழியில், அதாவது எலக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் இடத்தில், விழுந்துவிடும். டிஸ்புரோசியம் சேர்ப்பது அந்தக் குழிகளுக்காகத்தான். அறையின் சாதாரண வெப்பம், மாட்டிய எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளும். திரும்பி யுரோப்பியத்திடம் வரும்போது பச்சை ஒளி. குழி ஆழம் குறைந்தால் எல்லாம் சில நொடிகளில் வெளியே வந்து தீர்ந்துவிடும். அதிகமானால் அறை வெப்பத்தில் வெளியே வரவே வராது. எங்கள் உழைப்பெல்லாம் இந்த ஆழத்தைச் சரியாகப் பிடிப்பதில்தான் போனது. அப்புறம், ஆழமான குழி வீண் என்று நினைக்கவேண்டாம். எக்ஸ்ரே எடுப்பவர்கள் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் அதற்குள் இருப்பது டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள். மூன்று மாதம் வாங்கிய கதிர்வீச்சையும் குழிகளில் பிடித்து வைத்திருக்கும். பிறகு சூடாக்கினால் ஒளியாகக் கொடுத்துவிடும், அதை அளந்து கணக்கிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பொடிக்குத் தண்ணீர் ஆகாது. ஒருமுறை கழுவலாம் என்று ஊறவைத்துவிட்டுப் போனேன். மறுநாள் பீக்கரில் வெள்ளைச் சேறு, ஒளி போயிருந்தது. பெயின்டுக்கு என்று வாங்கினால், மேலே காப்புப் பூச்சு கொடுத்த பொடியாகக் கேட்டு வாங்குங்கள்.

நான் சொன்னதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே மாதிரி இரண்டு ஸ்டிக்கர்களை நல்ல வெளிச்சத்தில் வைத்துவிட்டு, ஒன்றை உடனே ஃப்ரீசரில் போடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இருட்டறையில் எடுத்துப் பாருங்கள், அது மங்கலாக இருக்கும். இப்போது உள்ளங்கையில் வைத்து மூடுங்கள். சூடு ஏற ஏற விரலிடுக்கில் பச்சை கூடிக்கொண்டே வரும்.