'எரகான்' நாவலைப் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

டிராகன் முட்டை ஒன்றைக் கண்டெடுக்கும் எரகான் என்ற பண்ணைச் சிறுவனின் கதையான 'எரகான்', மிகுபுனைவு (ஃபேண்டசி) வாசகர்களிடையே இன்றும் ஓயாத சண்டையைக் கிளப்பும் நாவல். அது தொடங்கிவைக்கும் தொடரின் நான்கு தொகுதிகளையும் அண்மையில் மறுபடி படித்து முடித்தேன் என்பதால், நம் வாசகர் வட்ட உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் தொகுதியின் நடை பலவீனமானது, ஆனால் அதன் உலகக் கட்டமைப்பு, அதாவது கதைக்கெனப் படைத்த கற்பனை உலகம், வலுவானது என்பது என் கருத்து; கேள்விகள் பலவும் அதையொட்டியே வந்தன.

கேள்வி: ஆசிரியர் இதைப் பதினைந்து வயதில் எழுதினாராமே? அப்படியானால் நடையைக் குறை சொல்வது நியாயமா, ஐயா?

எழுதத் தொடங்கியபோது 15 வயது. 1983இல் பிறந்த கிறிஸ்டோபர் பாவோலினி, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வீட்டிலிருந்தே படித்தவர். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு இந்நாவலில் இறங்கினார். 2002இல் அவருடைய குடும்பமே அதை அச்சிட்டு வெளியிட, அவர் இடைக்கால உடை அணிந்து பள்ளி பள்ளியாகவும் நூலகம் நூலகமாகவும் சென்று பேசி விற்றார். 2003இல் நாஃப் பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது. அந்த உழைப்பு மலைக்க வைக்கிறது. ஆனால், காசு கொடுத்து வாங்கி ஏறத்தாழ 500 பக்கங்களைப் படிப்பவருக்கு ஆசிரியரின் வயது சமாதானமாகாது.

கேள்வி: நடையில் என்னதான் குறை? எனக்கு எதுவும் உறுத்தவில்லையே.

கதையின் வேகத்தில் படித்தால் உறுத்தாது. ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அந்தப் பாணியில் நானே ஒரு வாக்கியத்தை இட்டுக்கட்டிக் காட்டுகிறேன்: "உருக்கிய மாணிக்கம் போல் தகதகத்த அந்திவானத்தின் கீழ், அவன் கடுங்கோபத்துடன் ஆவேசமாக உறுமினான்." கோபம் ஒருமுறை சொல்லப்பட்டிருந்தால் போதும், இங்கே மூன்று முறை வருகிறது. உறுமுகிறவன் அந்திவானத்தின் அழகைக் கவனித்துக்கொண்டிருக்கவும் மாட்டான். "அவன் உறுமினான்" என்பதோடு நிறுத்தத் தெரிந்த கை இந்த முதல் தொகுதியில் இல்லை.

கேள்வி: உலகக் கட்டமைப்பு வலுவானது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வரைபடமும் புதுப்பெயர்களும் எல்லாரும்தான் போடுகிறார்கள்.

வரைபடத்தை வைத்துச் சொல்லவில்லை. விதிகளை வைத்துச் சொல்கிறேன். கதை நடக்கும் கற்பனை நாடான அலகேசியாவில் ஒரு செயலை மந்திரத்தால் செய்தாலும் கையால் செய்வதற்கு வேண்டிய அதே ஆற்றல் செலவாகும். தாங்காத வேலையைத் தொட்டால் மந்திரம் சொன்னவனே மாண்டுபோவான். இந்த ஒரு விதியிலிருந்து எவ்வளவு கிளைக்கிறது பாருங்கள். ஒரு மனிதனைக் கொல்ல மிகச் சிறிய ஆற்றலே போதும் என்பதால், காக்கும் மந்திரவாதி இல்லாத படை எதிரியின் மந்திரவாதி முன் நிற்கவே முடியாது. வாள்வீச்சைவிடக் காக்கும் அந்த மந்திரவாதியின் உயிர்தான் போர்க்களத்தில் பெரிதாகிவிடுகிறது.

அடுத்தது, மந்திரம் சொல்வதற்கான தொன்மொழி. ஸ்காண்டிநேவியாவின் பண்டைய மொழியான பழைய நார்ஸிலிருந்து பல சொற்களை எடுத்து ஆக்கப்பட்ட இம்மொழியில் பொய் சொல்ல முடியாது. சொன்னது சொன்னபடியே நடக்கும். முதல் தொகுதியில் ஒரு கைக்குழந்தையை எரகான் வாழ்த்துகிறான். "துன்பத்திலிருந்து காக்கப்படுவாயாக" என்று சொல்வதாகத்தான் அவன் நினைக்கிறான். ஒரு சொல்லின் வடிவம் பிசகியதால் அது "துன்பத்திலிருந்து காக்கும் கேடயமாவாயாக" என்று ஆகிவிடுகிறது. இந்தப் பிழை இரண்டாம் தொகுதியில்தான் வெளிப்படுகிறது: எல்வா என்ற அந்தக் குழந்தை, சுற்றியிருப்போர் அனைவரின் வலியையும் தன் உடலில் உணர்ந்து, அவர்களைக் காக்க ஓடியே தீரவேண்டிய கட்டாயத்தில், வயதுக்கு மீறி வளர்ந்து நிற்கிறாள். ஒரு விகுதிப் பிழைக்கு இப்படியொரு விலை வைத்த எழுத்தாளர் தன் சொந்த வாக்கியங்களில் அத்தனை தாராளமாக இருந்தது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கேள்வி: கதையே 'ஸ்டார் வார்ஸ்' படத்திலிருந்து எடுத்தது என்கிறார்களே?

பண்ணைச் சிறுவன், கொல்லப்படும் மாமா, பழைய வீரரான ஆசான், சிறையில் இளவரசி என்ற எலும்புக்கூடு ஒன்றுதான், மறுப்பதற்கில்லை. எல்வா அந்தப் படத்தில் இல்லை.

கேள்வி: நானும் ஒரு மிகுபுனைவு எழுதுகிறேன், அண்ணா. குறிப்பேடு நான்கு நிரம்பிவிட்டது. அத்தியாயம் மட்டும் நகரவில்லை. இந்த நாவலில் எனக்கு உதவுவது ஏதேனும் உண்டா?

குறிப்பேட்டிலுள்ள விதிகளில் எது ஒரு மனிதரை வருத்துகிறதோ அதை மட்டும் முதலில் எடுங்கள், தம்பி. பாவோலினியின் எல்ஃப்கள் என்ற மாய இனத்தார், குள்ளர்கள், அவர்களுடைய பரம்பரைகள் எல்லாம் பக்கக்கணக்கில் விளக்கப்படுகின்றன. படித்து முடித்தபின் பெரும்பாலும் மறந்துபோகின்றன. எல்வாவை மறக்க முடியவில்லை, ஏனென்றால் அங்கே விதி ஒரு குழந்தையின் மேல் விழுகிறது.

கேள்வி: முதல் தொகுதியோடு நிறுத்திவிட்டேன். தொடரலாமா?

2005இல் வந்த இரண்டாம் தொகுதியான 'எல்டெஸ்ட்' வரையாவது போங்கள். அதில் எரகானின் ஒன்றுவிட்ட சகோதரன் ரோரன், மந்திரமோ டிராகனோ இல்லாமல், கையில் ஒரு சுத்தியலுடன் தன் ஊராரைத் திரட்டி அழைத்துக்கொண்டு தப்பிக்கிறான். அந்த அத்தியாயங்களில் உவமைகள் குறைந்து வாக்கியங்கள் சுருங்குகின்றன. எரகான் எல்ஃப்களிடம் பாடம் கேட்கும் பகுதிகள் நீளமானவை. பொறுமை இல்லாவிட்டால் அவற்றை வேகமாகப் புரட்டிக்கொண்டு ரோரனிடம் திரும்பிவிடலாம். நான் முதல்முறை அப்படித்தான் படித்தேன்.