நாலு வருடம் வீட்டில் இருந்துவிட்டேன், ஆங்கிலமும் சரளமில்லை. அக்கவுண்ட்ஸ் வேலை இன்டர்வியூவுக்கு எப்படித் தயாராவது?

கேட்டிருக்கும் தங்கச்சி சொன்ன விவரம் இவ்வளவுதான்: பி.காம்., ஊரில் மூன்று வருடம் அக்கவுண்ட்ஸ் அனுபவம், கல்யாணமாகி மும்பை வந்தாயிற்று, குழந்தைக்காக நாலு வருடம் வேலையில் இல்லை, இன்னும் பத்து நாளில் ஒரு இன்டர்வியூ. இங்கே ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் பாதி, கைகுலுக்குவது எப்படி, என்ன நிறத்தில் உடுத்துவது என்று போகிறது. படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. 2019இல் நானும் அப்படியே நின்றவள்.

நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பிள்ளை தூங்கின பிறகு, ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்ற கேள்விக்கு ஒரு பத்தியை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு உருப்போடுகிறீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். இரண்டு வாரம். லோயர் பரேலில் ஒரு ஆபீஸ். மூன்றாவது வாக்கியத்திலேயே எதிரே இருந்தவர் கையைக் காட்டி நிறுத்தி, “ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டிருக்கிறீர்களா?” என்றார். நான் வேலையை விட்டது 2016 அக்டோபரில். ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு முன்னிருந்த வரிகளான வாட்டும் சர்வீஸ் டாக்ஸும்தான். அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுத்த கேள்வி, “குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?” அதே மாதம் என் வீட்டுக்காரரும் வேலை மாறினார். அவரிடம் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

கொஞ்சம் என் கதையைச் சொல்லியாக வேண்டும், அப்போதுதான் மற்றது புரியும். பிறந்து வளர்ந்தது தாராவி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்தவர். ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, அதற்கப்புறம் ஆங்கில மீடியம். வகுப்பில் டீச்சர் எழுந்து நிற்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பு பி.காம். முடித்தும் போகவில்லை. மஸ்ஜித் பந்தரில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் நாலு வருடம் டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்), பில், பார்ட்டி (வாடிக்கையாளர்) வசூல் எல்லாம் பார்த்தேன். ஹிந்தியும் மராத்தியும் சரளம். ஆங்கிலத்தில் கணக்கை எழுதுவேன், பேச வராது.

லோயர் பரேலிலிருந்து திரும்பி வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மாதான், “பை கடை அண்ணாச்சி மாசாமாசம் யாருக்கோ காசு கொடுத்து அந்த வரியக் கட்டுறாருல்ல, போய் அவர்கிட்டயே கேளேன்” என்றாள். அண்ணாச்சிக்கு 90 அடி ரோட்டில் தோல் பை தைக்கும் பட்டறை, சயான் பக்கம் ஒரு சின்னக் கடை. பில்லெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். “சம்பளம் வேண்டாம் அண்ணாச்சி, மூணு மாசம் உங்க பில்ல நான் போடுறேன், உங்க ஆள் சரிபார்க்கட்டும்” என்றேன். சம்மதித்தார்.

அங்கே கற்றதை எந்த வீடியோவும் கற்றுத் தந்திருக்காது. கைப்பைக்கு 18 சதவீதம். மும்பைக் கடைக்காரருக்கு விற்றால் மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டி 9, மாநிலத்தின் பங்கான எஸ்ஜிஎஸ்டி 9. சென்னைக்கு அனுப்பினால் வேறு மாநிலம், ஐஜிஎஸ்டி 18. அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாத ரிட்டர்ன் போடவில்லையென்றால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம். பட்டறைக்கு லைனிங் துணி கொடுக்கிறவர் தன் ரிட்டர்னில் நம் பில்லைக் காட்டாவிட்டால், நம் கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை, தொங்கும். அதற்காக அவருக்கு நாலு தடவை போன் போட்டேன். அந்த நாலு போன்தான் பிறகு இன்டர்வியூவில் எனக்கு வார்த்தை கொடுத்தது.

உங்கள் நிலைமையும் இதேதான், தங்கச்சி. நீங்கள் வீட்டில் இருந்த காலத்தில் இரண்டு பெரிய விஷயங்கள் மாறிவிட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்துவிட்டு, பெரும்பாலானவற்றை 5, 18க்குள் கொண்டுவந்துவிட்டார்கள். வருமான வரிச் சட்டமே புதுசு, 2026 ஏப்ரல் 1 முதல். டிடிஎஸ்ஸுக்கு (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) நாம் மனப்பாடமாக வைத்திருந்த 194சி, 194ஜே பிரிவுகள் எல்லாம் புதுச் சட்டத்தில் 393ஆம் பிரிவுக்குள் போய்விட்டன. இன்டர்வியூவில் பழைய எண்ணைச் சொன்னால் தப்பில்லை, ஆபீஸ்களில் எல்லோரும் இன்னும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் “பழைய 194சி, இப்ப 393ல வருது” என்று சொல்லிப் பாருங்கள், நாலு வருட இடைவெளியைப் பற்றி அடுத்த கேள்வி வராது. பத்து நாள் இருக்கிறது. தெரிந்த கடை, வீட்டுக்காரரின் நண்பர், சொசைட்டிக் கணக்குப் பார்க்கிறவர் என்று யாரிடமாவது போய் ஒரு மாதத்து நிஜ பில்களை வாங்கி உட்காருங்கள்.

இப்போது அந்த இன்டர்வியூ. அந்தேரி எம்ஐடிசி தொழிற்பேட்டையில் மெஷின் உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனி. 2019 ஜூலை 2, செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குத்தான் மும்பை மழையில் மூழ்கி, அரசாங்கமே விடுமுறை விட்டது. வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். வியாழக்கிழமையே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாஹிமில் ஏறி அந்தேரி, மெட்ரோவில் சகாலா, அங்கிருந்து நடை. கேட் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்தேன். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மறுநாள் வழி தேடும் பதற்றம் எனக்கு இல்லை.

எதிரே ஒரு குஜராத்தி மேடம், சிஏ. பெயர், படிப்பு மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு, “மேடம், வேலையைப் பற்றி ஹிந்தியில் சொன்னால் சரியாகச் சொல்வேன், எழுதுவது ஆங்கிலத்தில்” என்று கேட்டேன். “சொல்லுங்கள்” என்றார். அவ்வளவுதான், இத்தனை வருடமாக அடைத்திருந்த தொண்டை திறந்துவிட்டது.

ஒரு பென்சிலும் இரண்டு தாளும் கொடுத்தார். ஒன்று பேங்க் ஸ்டேட்மென்ட், இன்னொன்று கம்பெனி லெட்ஜரின் பேங்க் பக்கம். இருபது நிமிடத்தில் பிஆர்எஸ் போட வேண்டும், அதாவது இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசம் எங்கே என்று காட்ட வேண்டும். ஒத்துப்போகிறவற்றுக்கு டிக் போட்டுக்கொண்டே வந்தேன். கொடுத்தும் பேங்குக்கு வராத செக் இரண்டு, பேங்க் பிடித்த சார்ஜ், பேங்கில் நேராக வந்து விழுந்த ஒரு நெஃப்ட் பணம். எல்லாம் போட்ட பிறகும் 2,700 ரூபாய் உதைத்தது. நெற்றியில் வியர்வை. பழைய ஆபீஸில் ஒரு வயதான முனீம்ஜி (கணக்கப்பிள்ளை) இருந்தார். வித்தியாசத்தைப் பாதியாக்கித் தேடு, கிடைத்தால் பற்றை வரவிலோ வரவைப் பற்றிலோ எழுதியிருக்கிறார்கள். ஒன்பதால் வகுத்துப் பார், மீதியில்லாமல் வகுபட்டால் எண் இடம் மாறியிருக்கலாம் என்பார். 1,350க்கு ஒரு பதிவும் இல்லை. 2,700ஐ ஒன்பதால் வகுத்தால் 300. விரலை வைத்து வரிவரியாகப் போனேன். பேங்கில் 18,540. லெட்ஜரில் 15,840. எட்டும் ஐந்தும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. வட்டம் போட்டு நீட்டினேன். மேடம் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “ஒன்பதால் வகுக்க யார் சொல்லிக் கொடுத்தது?” என்றார். முனீம்ஜியைப் பற்றிச் சொன்னேன்.

அதற்கப்புறம் கேள்விகள் வேலையைப் பற்றியே இருந்தன. “சிஜிஎஸ்டி கிரெடிட்டை வைத்து எஸ்ஜிஎஸ்டி கட்டலாமா?” கூடாது. அண்ணாச்சி கடையில் அந்தத் தப்பைச் செய்யப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறேன். “லாரிக்காரர் பில்லில் ஜிஎஸ்டி போடவில்லை, நாம் என்ன செய்ய வேண்டும்?” இதற்கு நான் திருப்பிக் கேட்டேன்: “பில்டி இருக்கிறதா மேடம்?” பில்டி, அதாவது சரக்குக்கான ரசீது, கொடுக்கிற டிரான்ஸ்போர்ட் என்றால் ரிவர்ஸ் சார்ஜ், நாம்தான் 5 சதவீதம் கட்ட வேண்டும், அதையும் ரொக்கமாகத்தான் கட்ட முடியும், கிரெடிட்டில் கழிக்க முடியாது, கட்டிய பிறகு கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம். பில்டி இல்லாத வெறும் லாரிச் சொந்தக்காரர் என்றால் வரியே இல்லை. சர்வீஸ் டாக்ஸ் காலத்திலும் இதே ஏற்பாடுதான், வாடகையில் 30 சதவீதத்துக்கு 15 சதவீதம், கூட்டிக் கழித்தால் 4.5. நான் அந்தப் பக்கத்திலிருந்து நாலு வருடம் பில் போட்டவள். பழைய வேலை பயன்படாமல் போகும் என்று பயந்துகொண்டிருந்தேன், அதுவே கைகொடுத்தது. (இது அன்றைய விதி. நீங்கள் போகும் முன் இன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கடைசியாக, “நீங்களே செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்” என்றார். நான் வீட்டில் தயார் செய்து வைத்திருந்தது இது ஒன்றைத்தான். பழைய கம்பெனி கூட்டு நிறுவனம், 14 லாரி. பத்து லாரிக்குள் இருந்தால் எழுதிக் கொடுத்து டிடிஎஸ் பிடிக்காமல் தப்பிக்கலாம், எங்களுக்கு அது முடியாது. பார்ட்டிகள் 2 சதவீதம் பிடிப்பார்கள். ஒரு வருடம் பிடித்ததில் 1,84,000 ரூபாய், நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ்ஸில் வரவே இல்லை. பார்ட்டிவாரியாகப் பட்டியல் போட்டு, ஒவ்வொருவருக்கும் போன் பண்ணினேன். ஒருவர் எங்கள் பான் நம்பரில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டிருந்தார். இன்னொருவர் ரிட்டர்னே போடவில்லை. திருத்தம் போட வைத்து, ஐந்து மாதத்தில் 11,000 தவிர எல்லாம் வந்தது. இந்தக் கதையைத் தொகை, மாதம், யார் என்ன சொன்னார் என்பது வரை மனதில் வைத்திருந்தேன். எங்கே குறுக்கே கேட்டாலும் பதில் இருந்தது. நீங்கள் மூன்று வருடம் வேலை பார்த்திருக்கிறீர்கள். அப்படி ஒரு கதை உங்களிடமும் நிச்சயம் இருக்கிறது. அந்த நோட்டில் இருக்கும் பத்தியைக் கிழித்துவிட்டு இதை எழுதுங்கள்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசுகிற வேலைக்கு, பெரிய ஐ.டி. கம்பெனிக்கு இது பொருந்தாது, எனக்கும் தெரியும். நானும் வேலைக்குச் சேர்ந்த பிறகு மெயில் எழுதி எழுதித்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் மும்பையில் ஆயிரக்கணக்கான சின்ன ஆபீஸ்களில் அக்கவுண்ட்ஸ் ஹிந்தியிலும் குஜராத்தியிலும்தான் ஓடுகிறது. அங்கே போய் வராத ஆங்கிலத்தில் திக்கி, தெரிந்த வேலையையும் தெரியாததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

சம்பளம் பேசும்போது கையில் எவ்வளவு வரும் என்று மாதக் கணக்கில் கேளுங்கள். வருடத் தொகையில் அவர்கள் கட்டும் பிஎஃப்பையும் சேர்த்துச் சொல்வார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது. அந்தச் சமயம் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஆள் பதிவுக் கட்டணம் 1,500 வாங்கினார். வேலையும் வரவில்லை, பணமும் வரவில்லை. நீங்கள் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள், ஆள் எடுக்கிற கம்பெனிதான் இந்த மாதிரி ஏஜென்ட்டுகளுக்குக் கொடுக்க வேண்டும். பணத்தைக்கூட மறந்துவிட்டேன். என் ரெஸ்யூமேயைப் பார்த்து அவர், “தாராவி என்று போடாதே, சயான் வெஸ்ட் என்று மாற்று” என்றதை மறக்க முடியவில்லை. நானும் மாற்றினேன். ஒரு பேங்க், தாராவி பின்கோடைப் பார்த்ததும் என் வீட்டுக்காரரின் கடன் விண்ணப்பத்தை ஓரம் கட்டியது. ராத்திரி டாக்ஸி கேட்டால் வர மறுக்கிறார்கள். எங்கள் தெருவில் தைத்த பை வேறு பெயர் ஒட்டிக்கொண்டு மாலில் உட்கார்ந்திருக்கிறது, அதைத் தைத்தவர் விலாசத்தை மறைத்துக்கொண்டு வேலை தேட வேண்டியிருக்கிறது. இதில் என்ன நியாயம் இருக்கிறது?

அந்த வெள்ளிக்கிழமை மேடம் ஆதாரையும் ரெஸ்யூமேயையும் சேர்த்து வைத்துப் பார்த்து, “விலாசம் ஏன் வேறாக இருக்கிறது?” என்று கேட்டார். பிஆர்எஸ்ஸில் வந்ததைவிட அதிக வியர்வை அப்போதுதான் வந்தது. உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து ரெஸ்யூமேயில் சயானை அடித்துவிட்டு, என்னிடமே நீட்டினார். தாராவி, 400017 என்று எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை போன் வந்தது.

ஒரிஜினல் மார்க்ஷீட், பழைய கம்பெனியின் அனுபவச் சான்றிதழ் இரண்டையும் இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். சான்றிதழ் வாங்காமல் வந்திருந்தால் ஊருக்குப் போன் போடுங்கள், பத்து நாளில் கூரியரில் வந்துவிடும். சயான், மாட்டுங்கா பக்கம் இருக்கிறீர்கள் என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வீட்டில்தான் இருப்பேன். அண்ணாச்சியின் பில் டப்பா இப்போதும் என்னிடம்தான் வருகிறது, சேர்ந்து உட்கார்ந்து ஒரு மாதம் போட்டுப் பார்க்கலாம்.