தண்ணீர் குடித்தும் தலைவலி, வாந்தி ஏன்?

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயது. வீடு பிறையில், வேலை பாயான் லெப்பாஸில் ஏர்கான் போட்ட தொழிற்சாலையில். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை சாப்பிடுகிறேன், அதில் ஒன்று நீர் பிரியும் மாத்திரை. போன முறை பினாங்கில் 21 கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டேன். விடியும் முன்பே தொடங்கியதால் வெயில் இல்லை. முட்டி வலி வரக்கூடாதென்று முன்கூட்டியே ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டேன். தண்ணீர் வைத்த இடத்தில் எல்லாம் இரண்டிரண்டு கப் குடித்தேன். மூன்று மணி நேரத்தில் ஓடி முடித்தேன். அதற்குப் பிறகு தலைவலி, வாந்தி. விரல் வீங்கி மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. தண்ணீர் போதவில்லை என்கிறார்கள் நண்பர்கள். அடுத்த முறை எவ்வளவு குடிப்பது?

பதில்: இதைவிடக் கூடுதலாகக் குடிக்காதீர்கள். அன்றே ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் உறுதியாகச் சொல்லலாம், இப்போது ஊகம்தான். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால், தண்ணீர் குறைந்ததைவிடக் கூடிப்போனதுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனாலும் இதே தலைவலி, இதே வாந்திதான் வரும். முற்றினால் குழப்பம், வலிப்பு வரை போகும்.

நீண்ட நேரம் ஓடும்போது சிறுநீரைக் குறைத்து நீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஒரு ஹார்மோன் உடம்பில் சுரக்கிறது. உள்ளே போகும் தண்ணீருக்கு வெளியேற வழி குறைகிறது. இபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அந்த வழியை இன்னும் அடைக்கும், சிறுநீரகத்துக்கும் சுமை. தயசைட் வகை நீர் மாத்திரையோ சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். மூன்றும் ஒரே நாளில் உங்களுக்குச் சேர்ந்துவிட்டன. விரல் வீக்கம் மட்டும் என்றால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், நெடுநேரம் கையைத் தொங்கவிட்டு ஓடுபவர்களுக்குச் சாதாரணமாகவே வரும். தலைவலி, வாந்தியோடு சேர்ந்து வந்ததால்தான் யோசிக்க வைக்கிறது.

‘வெறும் தண்ணீர் இல்லை டாக்டர், ஹண்ட்ரட் பிளஸ்தான் குடித்தேன்’ என்று சிலர் சொல்வார்கள். அந்த மாதிரி பானங்களிலும் சோடியம் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு குறைவு. அளவு மீறினால் அதுவும் நீர்க்கச் செய்யும். உப்பு மாத்திரையை விழுங்கிவிட்டு இஷ்டத்துக்குக் குடிப்பதும் காப்பாற்றாது. அதிலும் உங்களுக்கு ரத்த அழுத்தம் வேறு. முதல் நாள் இரவு நாசி கண்டார் குழம்பில் போகிற உப்பே தாராளம்!

சரி, எவ்வளவு குடிப்பது? தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் மேசையைத் தாண்டிப் போங்கள். உங்கள் கணக்கு தெரிய வேண்டுமானால் பயிற்சி நாளில் வீட்டுத் தராசில் ஏறிப் பாருங்கள். ஓடும் முன் 72.4 கிலோ, ஒரு மணி நேரம் ஓடித் துடைத்துக்கொண்டு ஏறினால் 71.4 கிலோ, இடையில் குடித்தது கால் லிட்டர் என்றால், வியர்வை சுமார் ஒன்றேகால் லிட்டர். அத்தனையையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. ஓட்டத்துக்குப் பின் எடை ஏறியிருந்தால் மட்டும் சந்தேகமே வேண்டாம், அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

இன்னொன்று, வெயில் இல்லை என்பதால் சூடு இல்லை என்று நினைக்காதீர்கள். ஓடும்போது செலவாகும் சக்தியில் முக்கால் பங்குக்கும் மேல் உடம்புக்குள்ளேயே சூடாக மாறுகிறது. அதை இறக்கி வைப்பது வியர்வை, அதுவும் ஆவியானால்தான். சட்டை நுனியிலிருந்து சொட்டித் தார்ரோட்டில் விழும் வியர்வையால் உடம்பு குளிராது. நம் ஊரில் விடியற்காலையில் வெப்பம் 25 டிகிரிக்கு இறங்கினாலும் காற்றின் ஈரப்பதம் அப்போதுதான் 90 சதவீதத்தைத் தொடும். பாலத்தின் மேல் எதிர்க்காற்று அடித்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள், அது உங்களைக் காய வைக்கிறது. பின்காற்று உங்கள் வேகத்திலேயே வந்தால் அசையாத காற்றில் நிற்பது போலத்தான்.

இதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பது ஒன்றே. தொடக்கத்தில் பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் நடங்கள். ‘இங்கேயே பிறந்து வளர்ந்தவன், சூடு எனக்குப் பழக்கம்’ என்பார்கள் பலர். பகலெல்லாம் ஏர்கானில் இருந்துவிட்டு ஜிம் டிரெட்மில்லில் ஓடினால் அந்தப் பழக்கம் வராது. போட்டிக்கு முன் 10 முதல் 14 நாள், கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி, வெளியே ஓடுங்கள். சில வாரம் விட்டுவிட்டால் அது கரைந்துவிடும்.

ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூன்று நான்கு வாரம் முன்பே கிளினிக்குக்குப் போய் ஓடப்போவதைச் சொல்லுங்கள். சோடியம், சிறுநீரகச் செயல்பாடு, உங்கள் வயதுக்கு ஓர் இ.சி.ஜி. பார்த்துவிட்டு மாத்திரையை மாற்றலாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். வலி மாத்திரை அன்று வேண்டாம். முட்டி அவ்வளவு வலித்தால் ஓட்டமே வேண்டாம். அந்த வாரம் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்திருந்தாலும் அப்படித்தான். டெங்கி உலவும் ஊரில் காய்ச்சலோடு ஓடுவதும் வலி மாத்திரை போடுவதும் விபரீதம்.

கடைசியாக, எல்லைக்கோட்டில் உங்களுக்காகக் காத்திருப்பவரிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். ஓடி வந்தவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், எரிந்து விழுந்தால், உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் 999. உடம்பு வியர்த்திருந்தாலும் வெப்பத் தாக்காக இருக்கலாம், தோல் காய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. உடம்பு கொதித்தால் வண்டிக்குக் காத்திராமல் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்கித் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டி இல்லையா, தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள்; ஐஸில் நனைத்த துண்டுகளை உடம்பெங்கும் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள். முதலில் குளிர வைப்பது, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அவர் எவ்வளவு குடித்தார், என்ன மாத்திரை போட்டார் என்பதை மட்டும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.