இரண்டு பேரும் கப்பலில் வந்தவர்கள்தானே, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

வாசகர் கேள்வி: நான் கெடா மாநிலம் சுங்கைப்பட்டாணியில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மலேசிய இந்தியர்களின் பொருளாதார நிலையைச் சீனர்களோடு ஒப்பிட்டு அரைமணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது: “சீனனும் கூலியாகத்தான் வந்தான். சேர்த்து வைத்தான், முன்னேறினான். நாம் குடித்தே அழிந்தோம்.” இன்னொரு பக்கம், “நம்மில் எத்தனை டாக்டர், எத்தனை வக்கீல் பாருங்கள், நமக்கு என்ன குறை?” என்கிறார்கள். எந்தக் கணக்கை நம்புவது? இரண்டு சமூகங்களை எப்படி ஒப்பிடுவது?

பதில்:

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். கோவிட்டுக்கு முன் எடுத்த 2019 குடும்ப வருமான ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலக் குழப்பம் அதில் கிடையாது. அதன்படி ஒரு சீனக் குடும்பத்தின் மாத வருமானத்தின் இடைநிலை அளவு 7,391 ரிங்கிட், இந்தியக் குடும்பத்துக்கு 5,981, பூமிபுத்ரா (மலாய்க்காரரும் மற்ற பூர்வகுடியினரும்) குடும்பத்துக்கு 5,420. நாடு முழுவதற்கும் 5,873.

இடைநிலை என்றால் என்ன என்பதைக் கூட்டத்தில் ஒரு நிமிடம் நின்று விளக்குங்கள். நூறு குடும்பங்களை வருமானப்படி வரிசையாக நிற்க வைத்தால் நட்ட நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் அது. சராசரி வேறு. எல்லோருடைய பணத்தையும் ஒரே பானையில் கொட்டி நூறாகப் பங்கு போட்டால் வருவது. அதே ஆய்வில் இந்தியரின் சராசரி 8,216 ரிங்கிட். நடுக் குடும்பத்துக்கும் சராசரிக்கும் 2,200 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் இடைவெளி. மேல் தட்டில் இருக்கும் சில குடும்பங்கள் சராசரியை அந்த அளவுக்குத் தூக்கிவிடுகின்றன.

உங்கள் கேள்வியில் வரும் டாக்டரும் வக்கீலும் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறார்கள். அவர்கள் இருப்பது உண்மை. ஆனால் ‘இந்தியர்’ என்ற ஒரே பெயருக்குள் ஆரம்பத்திலிருந்தே இரண்டு மூன்று சமூகங்கள் இருந்தன. ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்க்க ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர் வந்தார்கள். தோட்டத்துக் கிராணிகளில், அதாவது அலுவலக எழுத்தர்களில், மலையாளிகள் நிறைய. வட்டிக் கடை வைத்த செட்டியார்கள், பினாங்கில் வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்கள், போலீஸில் சேர்ந்த சீக்கியர்கள் என்று வரிசை நீளும். ரப்பர் மரத்தில் பால் வெட்ட வந்த தொழிலாளிதான் எண்ணிக்கையில் பெரும்பாலானவர். கிராணியின் பேரன் டாக்டரானதை வைத்து பால் வெட்டியவரின் பேரன் நிலையைச் சொல்லிவிட முடியாது. ‘நமக்கு என்ன குறை’ என்று கேட்பவருக்கு இந்தப் பதில் போதும்.

ஐம்பது ஆண்டுகளில் என்ன மாறியது என்று யாராவது கேட்பார்கள். 1970-ல் தீபகற்பத்தில் சீனக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 394 ரிங்கிட், இந்தியருக்கு 304, மலாய்க்காரருக்கு 172. அன்று சீனர் 100 வெள்ளி சம்பாதித்தபோது இந்தியர் 77 வெள்ளி. 2019 சராசரியை வைத்துப் பார்த்தால் 83. முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவானது. இதே காலத்தில் மலாய்க்காரருக்கும் இந்தியருக்கும் இருந்த தூரம் பெரிதும் குறைந்திருக்கிறது. 1971-ல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை அந்த வேலையைத்தான் நோக்கமாக வைத்திருந்தது. இனம் பாராமல் வறுமையை ஒழிப்பது என்பதும் அதே கொள்கையின் முதல் இலக்கு. தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, அந்த இலக்கு சரியாக எட்டவில்லை என்பது என் கருத்து.

வருமானத்தை விட்டுவிட்டுச் சொத்தைப் பார்த்தால் படம் வேறு மாதிரி ஆகிவிடும். 1970-ல் நிறுவனப் பங்கு மூலதனத்தில் சீனர் கையில் 27.2 விழுக்காடு, இந்தியர் கையில் 1.1. 2008-ல் சீனருக்கு 34.9, இந்தியருக்கு 1.6. சம்பளத்தில் 83-க்கு 100 என்று நிற்கும் இரண்டு சமூகம், சொத்தில் இவ்வளவு விலகி நிற்கிறது. (இந்த 34.9-ஐச் சொல்லும்போது கவனம் வேண்டும். ஈப்போவில் வண்டியில் மீ கோரேங் விற்கும் சீனருக்கு அதில் ஒரு சல்லிக்காசும் இல்லை. அது சில குடும்பங்களின் கையில் இருக்கிறது. சீனரிலும் ஏழைகள் நிறைய.)

ஆகவே கேட்க வேண்டிய கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். யார் அதிகம் உழைத்தார்கள், யார் அதிகம் சேர்த்தார்கள் என்று கேட்காதீர்கள். வேலை போன அன்று அந்தக் குடும்பத்தின் கையில் என்ன மிஞ்சியது என்று கேளுங்கள். நான் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்ததில், இந்த ஒரு கேள்விதான் இரண்டு கதைகளையும் பிரித்துக் காட்டுகிறது.

என் பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுக் காண்டாவும் (தோளில் சுமக்கும் கம்பு) வாளியுமாகக் காட்டுக்குள் இறங்குவார். ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை, இவ்வளவுதான் லயத்து வீடு. பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். பள்ளி, கோயில், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே. முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற நாளில் வீட்டுச் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தார். அவர் நட்ட முருங்கை மரம்கூட அவருடையது இல்லை. கையில் இருந்தது சேமநிதிப் பணம், இரண்டு ஜோடித் தோடு.

அங்கிருந்து மூன்று மைல் தூரத்தில் ஒரு சீனப் புதுக்கிராமம். பாட்டி அங்கேதான் சாமான் வாங்குவார். அந்த ஊரும் பாவப்பட்ட ஊர்தான். கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலத்தில், 1950 முதல் பிரிக்ஸ் திட்டப்படி ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, காட்டோரத்திலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து முள்வேலிக்குள் குடிவைத்தார்கள். ஊரடங்கு, சோதனை, கூட்டுச் சமையல் என்று பட்ட பாடு கொஞ்சமில்லை. பலகைச் சுவர், துத்தநாகக் கூரை. அளவில் பாட்டியின் லயத்தைவிடப் பெரிய வீடு இல்லை. ஆனால் அந்த மனை அவர்கள் பெயரில் வந்தது. முதலில் தற்காலிக உரிமம், பிறகு பல இடங்களில் குத்தகைப் பட்டா. ஊர் சாலையோரத்தில் இருந்தது. தவுக்கேயின் (கடை முதலாளியின்) மகன் வீட்டு முன்பக்கத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறை போட்டான். எங்கள் லயத்தில் முன்பக்கம் என்ற ஒன்று இருந்தாலும் அதில் பட்டறை போட மேனேஜர் விடுவாரா?

பிறகு தோட்டங்களுக்கு என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும். 1950, 60-களில் துண்டாடல், பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். அதைத் தொடர்ந்து, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும் என்ற 1968 வேலை அனுமதிச் சட்டம். குடியுரிமை எடுக்காத சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள், அதற்கு ஆள் குறைவாகப் போதும். அப்புறம் வெளிநாட்டுத் தொழிலாளி வந்தார், கூலி ஏறவில்லை. கடைசியில் நிலமே நகரமானது. புத்ராஜெயா எழுந்து நிற்பது பெராங் பெசார் தோட்டத்தின் மேல். அங்கே வேலை செய்தவர்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த மண் விலை ஏறியபோது, அந்த விலையில் அவர்களுக்குப் பங்கு இல்லை.

சரி, குடிக்கு வருவோம். வாட்ஸ்அப் செய்தியில் அதுதான் எல்லோருக்கும் உறைக்கும் இடம். தோட்டத்தில் குடி இருந்தது, சம்சு என்ற மலிவுச் சாராயம் பல குடும்பங்களைச் சீரழித்தது. இதை மறைக்கக் கூடாது. ஆனால் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை உரிமத்தோடு நடந்தது. கொடுத்த கூலி சாயங்காலம் அங்கே திரும்பிப் போனது. சீனக் கூலிக்கு அபின். நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) அரசின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அபினிலிருந்து வந்தது. இரண்டு பேருக்கும் போதையை விற்றது ஒரே பிரிட்டிஷ் ஆட்சி. ஒருவன் மட்டும் ஒழுக்கசீலன், இன்னொருவன் குடிகாரன் என்ற கதை இங்கே உடைந்துவிடும்.

1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளை அந்தப் பெற்றோர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்பது ஒன்று. பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்பது ஒன்று. கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. மேனேஜரையோ கிராணியையோ பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்றும் கேட்டார்கள். நாம் இன்று செய்யும் இந்த ஒப்பீட்டை அவர்கள் அன்றே செய்துவிட்டார்கள். காரணமும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சீனர் பெரும்பாலும் காண்டிராக்டில் வேலை செய்தார், கூலி ஒத்து வராவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு இடம் போவார். நம்மவர் குடும்பத்தோடு லயத்தில் இருந்தார், வேலையை விட்டால் வீடும் போகும். போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

சேமிக்கத் தெரியாதவர்கள் என்ற பேச்சும் தவறு. தோட்டத்துப் பெண்கள் கூட்டு (சீட்டு) கட்டியது எல்லோருக்கும் தெரியும். 1971-ல் அதைத் தடை செய்து வந்த சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற நம் சொல் இருக்கிறது. துண்டாடல் நடந்தபோது ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுகிறவர்கள் மாதாமாதம் கட்டிய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. முதலில் வாங்கிய புக்கிட் சிடிம் தோட்டம் உங்கள் கெடாவில்தான் இருக்கிறது. இதை உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமல் விடாதீர்கள்.

பள்ளியைப் பற்றி நீங்களே என்னைவிட நன்றாகப் பேசுவீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. வைத்தார்கள், ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும். இன்று தமிழ்ப்பள்ளிகள் 520-க்கு மேல் இருக்கின்றன, ஆறாம் வகுப்போடு முடிகின்றன. சீனருக்கு ஆரம்பப் பள்ளிகள் ஏறக்குறைய 1,300, அதற்கு மேலே அறுபது தனியார் இடைநிலைப் பள்ளிகள். அந்த அறுபதையும் தாங்கி நிற்பது கடைக்காரர்களும் குலச் சங்கங்களும் கொடுக்கும் நன்கொடை. தோட்டத்தில் நன்கொடை கொடுக்கக் கடைக்காரர் எங்கே இருந்தார்? பிறகு நாமும் கட்டினோம். செமிலிங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001-ல் வந்தது.

ஒப்பிடும்போது மறக்கிற இன்னொன்று உடம்பு. 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் நீரிழிவு இந்தியரிடம் 31.4 விழுக்காடு, சீனரிடம் 15.1. சம்பாதிக்கிற ஆள் ஐம்பது வயதில் காலை இழந்தாலோ டயாலிசிஸுக்குப் போனாலோ, அந்தக் குடும்பத்தில் மூத்த பிள்ளையின் படிப்பு நின்றுவிடும். வருமான ஆய்வில் இது ஒரு எண்ணாகக்கூட வராது.

இனி கூட்டத்துக்கு. புள்ளிவிவரம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மீதி நேரத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் கொடுத்து நான்கு கேள்விக்கு எழுதச் சொல்லுங்கள்: தாத்தா பாட்டி என்ன வேலை செய்தார்கள், வேலையை விட்டபோது கையில் என்ன கிடைத்தது, குடும்பத்தில் முதல் சொந்த வீடு எந்த வருடம் வந்தது, அது யார் பெயரில் இருக்கிறது. நான் சில இடங்களில் இதைச் செய்திருக்கிறேன். ‘நாம் சோம்பேறி’ என்று சொன்னவர்கள் மூன்றாவது கேள்வியை எழுதும்போது அமைதியாகிவிடுவார்கள். முடிந்தால் பக்கத்துச் சீனப் பள்ளிப் பெற்றோர் இரண்டு பேரையும் கூப்பிட்டு அதே தாளைக் கொடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

அப்படியே ஐந்தாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் யாருக்காவது இன்னும் சிவப்பு அடையாள அட்டையா (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தருவது), யாருக்காவது பிறப்புப் பத்திரம் இல்லையா என்று. இதை எல்லோர் முன்னிலும் கேட்காமல் தாளை மடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பத்திரம் இல்லாத பிள்ளைக்குச் சேமநிதி, கடன், பல்கலைக்கழக இடம் எதுவும் கிடையாது. அப்படி ஒரு தாள் வந்தாலும் அந்த வாரமே அவர்களைப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போக ஆள் ஏற்பாடு செய்துவிடுங்கள். பாட்டியின் பிறப்புச் சான்று தேட வேண்டிவந்தால், தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவேடும் பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் உதவும். சேர்க்கைப் பதிவேடு உங்கள் பள்ளி அலமாரியிலேயே இருக்கலாம்.